கழுத்தில் போட முடியாத தங்கம்

நான் தோட்ட ஆபீசில் வேலையை விட்டு நின்றது பங்குனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை பசியாறி முடிப்பதற்குள் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பொருளாதாரம் படித்தவர்கள் ஆகிவிட்டார்கள். அதுவரை எனக்கு யாரும் யோசனை சொன்னதில்லை. சம்பளம் வாங்கும் பெண்ணிடம் கடன் கேட்பார்கள். வேலையை விட்டு நின்ற பெண்ணுக்குத்தான் புத்தி சொல்வார்கள்.

தோட்டம் ரெம்பாவ் பக்கத்தில். நான் சேரும்போது ரப்பர் பால்மரம், விடும்போது எண்ணெய்க்குச் செம்பனை. இடையில் கம்பெனிக்காரர்கள் மாறினார்கள், மேனேஜர்கள் மாறினார்கள், சம்பளம் வாங்க வரிசையில் நின்றவர்களின் நாடு மாறியது. சம்பளம் போடும் கிராணி மட்டும் நான்தான். அத்தனை வருஷமும் மாதாமாதம் என்னிடம் பிடித்த சேமநிதிப் பணம்தான் இப்போது எனக்கும் வீட்டுக்காரருக்கும் மிச்சம். வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். சேமநிதி கட்டாத முதலாளியாகப் பார்த்துத் தேடிச் சேர்வதில் அவருக்கு ஒரு கைராசி உண்டு. மகள் ஜொகூரில் இருக்கிறாள். அவளுக்கு மாதக் கடைசி என்பது மாத நடுவிலேயே வந்துவிடுகிறது. இந்தப் பணம் போனால் அம்பாங்கானில் இருக்கும் இந்தச் சின்ன வீட்டைத் தவிர எங்களிடம் வேறொன்றும் இல்லை. வீட்டைச் சோற்றில் போட்டுப் பிசைய முடியாது.

பணத்தில் பாதியை நிதியிலேயே விட்டுவைத்தேன். மற்றப் பாதியைத் தங்கமாக்குவது என்று முடிவு செய்தவள் நான்தான். பேப்பர் படிக்கிறேன், சரித்திரமும் படித்திருக்கிறேன். அச்சடித்த காசு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எந்தத் தங்கம் என்ற கேள்வியில்தான் ஆள் சேர்ந்தது. கையில் பிடிக்கிற தங்கமா, பேங்க் கணக்கில் எழுதி வைக்கிற தங்கமா?

பேங்க் கணக்குக்கு என் தம்பி. தம்பிக்கு ஃபோனில் தங்கம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை கிராம் வாங்குவான், தே குடிக்கிற நேரத்தில் விற்பான். நான் வேலையை விட்டு நின்ற மறுநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஃபோனை என் தட்டுக்கு முன்னால் வைத்தான். கோடு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, பாரு. நேத்து ராத்திரி வாங்குனேன், இப்ப ஏறிருச்சு."

"வித்துட்டியா?"

"இன்னும் ஏறும்லா."

"வாங்குற வெலைக்கும் விக்கிற வெலைக்கும் நடுவுல பேங்க்காரன் எடுத்துக்கிறானே, அதக் கழிச்சிட்டுச் சொல்லு."

"அது சின்னக் காசுக்கா. அதெல்லாம் பாத்தா ஏவாரம் பண்ண முடியுமா?"

அந்தச் சின்னக் காசில் அவன் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவன் அதை மழைக்கும் வெயிலுக்கும் குளிர்சாதனம் போட்ட கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வந்து எனக்கு முதலீடு கற்றுத் தருகிறான்.

கைத்தங்கத்துக்கு என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போனபின் ரெம்பாவில் மகன் வீட்டில் இருக்கிறார். அன்றைக்கு மீன் குழம்பு என்று தெரிந்து, ஒரு பஸ் முன்னதாகவே வந்திருந்தார்.

"காயிதத்துல தங்கமா? ஏன்டா, கல்யாணத்துல பொண்ணு கழுத்துல ஒன் போனத் தொங்க விடுவியா?" என்று என் தம்பியைக் கேட்டார்.

"இப்ப இவங்க கல்யாணமா பண்ணப் போறாங்க? வயசான காலத்துக்குச் சேத்து வைக்கிறாங்க."

"வயசான காலத்துக்குத்தான் சொல்றேன். நாலு பேரு பாக்க ஒடம்புல தங்கம் கெடந்தாத்தான் கெழவிக்குச் சோறு. காயிதத்துக்கு எவன் சோறு போடுவான்? நீ கேளு, கிராணியம்மா. கையில புடிச்சா கனக்கணும். அதுதான் தங்கம்."

அவர் கழுத்திலும் கையிலும் அன்று கிடந்தது கவரிங். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பஸ்ஸில் பயம் என்பார்.

"ரெண்டுமே நல்லதுதான்," என்றார் வீட்டுக்காரர், முள்ளை எடுத்துக்கொண்டே. எந்தச் சண்டையிலும் அவருடைய கட்சி அதுதான். சாப்பாடு முடியும்வரை அந்தக் கட்சி மாறாது.

இருவரும் போனபின் நான் இரண்டையும் படித்துப் பார்த்தேன். பேங்கில் கொடுத்த விதிமுறைகளைப் பூதக்கண்ணாடி வைத்து வரி விடாமல் படித்தேன். வட்டி கிடையாது. வாங்கிய அந்த நிமிஷமே விற்றால் நஷ்டம். மற்றக் கணக்குகளுக்கு உள்ள காப்பு இதற்கு இல்லை. தங்கத்தைக் கையில் கொடு என்று கேட்டால் அதற்கு ஓர் அளவு, ஒரு கட்டணம், ஒரு காத்திருப்பு. மொத்தத்தில், உன் தங்கம் எங்களிடம் இருக்கிறது என்று பேங்க் சொல்வதை நீ நம்பு என்கிற விஷயத்தை இத்தனை பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நகையும் லேசுப்பட்டதில்லை. செய்கூலி என்று ஒன்று, சேதாரம் என்று ஒன்று, விற்கப் போகும்போது இரண்டும் காற்றில் போய்விடும். பேங்க்காரன் எழுதி வைத்துவிட்டு எடுத்துக்கொள்கிறான், கடைக்காரன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அண்ணி விடவில்லை. அட்சய திருதியை அன்று ராசா டவுனில் ஒரு நகைக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக நாள் குறித்துவிட்டார்.

இந்த அட்சய திருதியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்யாணமான வருஷத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள். எந்த மாதம் என்ன மழை, எந்தக் கோயிலில் எந்தக் கிழமை தீமிதி என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வாரம் பழையதை எல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். தோட்டத்தில் நாங்கள் இருந்த காலம் முழுவதும் அப்படி ஒரு நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. தைப்பூசம் இருக்கிறது, ஆடித் திருவிழா இருக்கிறது, போனஸ் போட்ட நாள்கள் இருக்கின்றன. தோட்டத்து ஜனங்கள் தங்கம் வாங்கியது போனஸ் போட்ட மறுநாள்தான். காசு வந்த நாளே நல்ல நாள். நகைக்கடைகள் டவுனில் பெருகிய பிறகுதான் இந்த நாள் என் நாட்குறிப்புக்குள் நுழைகிறது. இதை அண்ணியிடம் சொன்னேன். "ஒன் டைரிக்குத் தெரியலன்னா சாமிக்குத் தெரியாதா?" என்றார்.

கடையில் கோயில் திருவிழாக் கூட்டம். வாசலில் பன்னீர் தெளித்து, இனிப்பு கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். என் முன்னால் ஒரு தட்டு வளையலை வைத்த விற்பனையாளர், தன் தாயிடம் பேசுவதுபோல் குழைந்தார். "அம்மா, இது லைட் வெயிட்டு. பாக்க கனமா தெரியும்."

வயசான காலத்துக்குச் சேர்த்துவைக்க வந்தவளிடம், இருப்பதைவிட அதிகமாகத் தெரியும் என்பதைச் சிறப்பாகச் சொல்கிறார். "வேல இல்லாத வெறும் காசு இருக்கா? தங்கக் காசு?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் இருந்த மகன் மறைந்து போனான். "காசு முடிஞ்சிருச்சும்மா. இன்னிக்கு நகைதான்."

"சரி. இந்த வளையல நாளைக்கே ஒங்ககிட்டக் கொண்டாந்தா என்ன வெலைக்கு எடுப்பீங்க?"

பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் நின்று விவாகரத்துக்கு யாரைப் பார்ப்பது என்று நான் கேட்டுவிட்டதைப் போல அண்ணி என் தொடையில் கிள்ளினார். விற்பனையாளர் முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகப் போனவர் வேறு ஆளுக்கு நகை காட்டப் போய்விட்டார். நான் எழுந்துவிட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட வர்றியே. வெளங்குமா?" தெருவுக்கு வந்ததும் அண்ணி ஆரம்பித்தார். "என்னயப் பாரு. நான் இன்னிக்கு என் தங்கத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குன்னே இந்த நாள வச்சிருந்தேன்."

அப்போதுதான் அவருடைய நகை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்க இருக்கும்? பஜாக்லதான்."

பஜாக் என்றால் அடகுக்கடை. வெளியாருக்கு அடகு என்றால் கஷ்டம், கண்ணீர். எங்கள் ஜனங்களுக்கு அது இரும்புப்பெட்டி. தோட்டத்து லயத்தில் வரிசை வீட்டின் பலகைச் சுவர் ஓர் உதைக்குத் தாங்காது. அதனால் பத்துமலைக்குப் போனாலும் ஊருக்குப் போனாலும் நகையைக் கொண்டுபோய் அடகில் வைத்துவிட்டுப் போவார்கள். காசு தேவைப்பட்டு வைப்பதில்லை என்பதால், எவ்வளவு குறைவாகக் கடன் தர முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொடு என்று கேட்டு வாங்குவார்கள். கடன் சின்னதென்றால் வட்டியும் சின்னது. கடைக்காரரின் கம்பிக்குள், கடைக்காரரின் காவலில் நகை தூங்கும். வந்தபின் மீட்டுக்கொள்வார்கள். லயத்தைவிட்டுத் தமானில், அதாவது டவுன் குடியிருப்பில், கல் வீட்டுக்கு வந்து, கதவுக்கு இரும்புக் கிரில் போட்ட பின்பும் இந்தப் பழக்கம் போகவில்லை. இதைச் செய்கிறவர்கள் தங்களைப் பெரிய சாமர்த்தியசாலிகள் என்று நினைக்கிறார்கள். பேங்க் காகிதத்தை நம்ப மாட்டார்கள். அடகுச் சீட்டை நம்புவார்கள். அதுவும் காகிதம்தான் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

அண்ணி ஐப்பசி பிறந்த வாரத்தில் பழனிக்குப் போகும்போது வைத்தது. கார்த்திகையில் திரும்பி வந்தார். அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கைப்பைக்குள் இருந்து, சாமி படத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். ஆறு மாதத் தவணை. நான் தேதியைப் பார்த்தேன்.

"அண்ணி, சித்திரை பொறந்த வாரமே முடிஞ்சிருச்சே."

"தெரியும். அந்த வாரம் காலண்டர்ல கரிநாளு, அதுக்கப்புறம் அஷ்டமி. தங்கத்த கரிநாள்ல வீட்டுக்குக் கொண்டாருவாங்களா? அட்சய திருதியைக்குக் கொண்டாந்தா பெருகும். கூட ரெண்டு வெள்ளி வட்டி கேப்பான், குடுத்துட்டுப் போறோம். தெரிஞ்ச கடதானே."

நான் சீட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் எறும்பு வரிசைபோல மலாயில் எழுதியிருந்தது. கடன் பெரியதென்றால் தவணை தாண்டிய நகை ஏலத்துக்குப் போகும், கடன் போக மிஞ்சியது நகைக்காரருக்கு. கடன் சின்னதென்றால் ஏலமும் இல்லை, மிச்சமும் இல்லை. நகை கடைக்கே சொந்தம். வட்டியை மிச்சம் பிடிக்க அண்ணி கேட்டு வாங்கியது மிகச் சின்னக் கடன்.

சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தேன். டாக்சி பிடித்தேன்.

அடகுக்கடையில் உயரமான மேசை, அதற்கு மேல் கம்பி. கம்பிக்குப் பின்னால் இளவயதுச் சீனர் ஒருவர். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, தெம்போ சூடா லெப்பாஸ்," என்றார். தவணை தாண்டிவிட்டது என்கிறார்.

"தவுக்கேய கூப்புடு. பெரிய தவுக்கே. அவருக்கு என்னயத் தெரியும்லா."

"பாப்பா சூடா மெனிங்கால்."

அப்பா இறந்துவிட்டார் என்கிறார். அண்ணிக்கு அது தெரியாது. பெரிய தவுக்கே, அதாவது பழைய முதலாளி, இருந்தவரை, தவணை தாண்டினாலும் முகம் பார்த்து எடுத்து வைத்திருப்பாராம். வருஷக்கணக்காக அண்ணி தங்கத்தை வைத்திருந்தது கம்பிக்குள் இல்லை, அந்தக் கிழவரின் முகத்துக்குள். அந்த முகம் மாசி மாதமே போய்விட்டிருந்தது.

"வட்டி கட்டுறேன். எக்ஸ்ட்ரா கட்டுறேன். லெபே, கூடத் தர்றேன். எவ்வளோ வேணாலும் கேளு."

தவுக்கே மகன் முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் குரலில் திமிர் இல்லை. சட்டம் இப்படி, நகையும் விற்றாகிவிட்டது என்று இரண்டு தரம் பொறுமையாகச் சொன்னார். இரட்டை வடச் சங்கிலி ஒன்றும் வளையல் ஒரு ஜோடியும். காலையில் பால்மரம் சீவி, மத்தியானம் புல் வெட்டப் போய், போனஸ் போனஸாகச் சேர்த்த நகை. அதை வாங்கிய நாள்கள் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அந்த விரல்களை மெல்ல விடுவித்து வெளியே கூட்டி வந்தேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது, "மகன்கிட்ட சொல்லிராத," என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அவர் யோசித்தால் எனக்கு எப்போதும் செலவுதான்.

"அக்காவுக்கு நம்மதான் ஏதாச்சும் செய்யணும். ஒரு செயினு, ரெண்டு வளையலு. நீ எப்படியும் தங்கம்தானே வாங்கப் போற? வாங்கி அவகிட்ட போட்டுக்கக் குடு. தங்கம் தங்கமாவேதான் இருக்கும். சும்மாத்தானே இருக்கப் போவுது."

சும்மாத்தானே இருக்கு. இந்த வாக்கியத்தை நான் முதல்தடவை கேட்டது கல்யாணமான அடுத்த ஆவணியில். அவருடைய லோரி லைசன்சுக்காக என் வளையல் போனது. இரண்டாம் தடவை, அவர் தம்பியின் கல்யாணத்துக்குப் பெண்ணுக்குப் போட என் ஆரத்தை இரவல் கேட்டார்கள். அந்த ஆரம் அந்தப் பெண்ணோடு கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் தடவை நான் எதிர்த்துப் பேசினேன் என்று நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன். கம்மல் போனது. ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் நல்லவர்கள். ஒவ்வொரு காரியமும் நல்ல காரியம். நம் குடும்பங்களில் பெண்ணின் நகை அவளுடையது என்று சொல்வது, கோயில் உண்டியல் உண்டியலுடையது என்று சொல்வதுபோல. பளபளக்கிற எதுவும் பொதுச்சொத்து. கண்ணுக்குத் தெரிகிறவரை அதற்கு ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு லைசன்சு காத்துக்கொண்டே இருக்கும்.

அந்தச் சாயங்காலத்தில்தான், விதிமுறைகளையும் செய்கூலியையும் படித்துத் தீர்க்க முடியாத கேள்வி எனக்குத் தீர்ந்தது. தங்கக் கட்டியாக வாங்கி பேங்க் லாக்கரில் வைக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். லாக்கருக்குச் சாவி உண்டு. சாவி இருந்தால் அதைக் கேட்க ஓர் ஆளும் உண்டு.

திங்கட்கிழமை காலை பஸ் பிடித்துப் போய், என் ஒருத்தியின் பெயரில் தங்கக் கணக்கு திறந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், ஃபோனிலேயே வாங்கி விற்க வசதி இருக்கிறது என்றாள். எனக்குப் புத்தகம் போதும் என்றேன். தங்கம் எத்தனை கிராம் என்று அச்சாகி வந்த புத்தகத்தைக் கைப்பையில் போட்டபோது அதற்குக் கனமே இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் பொய். வாங்கிய நிமிஷத்திலேயே பேங்க் தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது. தம்பிக்கு விஷயம் தெரிந்து ஃபோன் செய்தான்.

"கடைசில நான் சொன்னதுதானேக்கா நடந்துச்சு!"

அவன் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட என் காரணம் இல்லை. அதை அவனுக்கு விளக்கப் போனால் இன்னொரு கோடு காட்டுவான் என்று பேசாமல் வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் அன்றே சொன்னேன். அவர் முகம் மாறியது ஏன் என்று எனக்கு அந்த வாரக் கடைசியில்தான் புரிந்தது. சனிக்கிழமை அண்ணி வந்தார். புதுச் சேலை. கழுத்தில் கவரிங்கூட இல்லை; வெறும் கழுத்தோடு, புதிதாக ஒன்று ஏறப்போகிற தோரணையில் உட்கார்ந்தார்.

"ஒம் புருசன் போன் போட்டுச் சொன்னான். எனக்கு ஒரு செயின் எடுத்துத் தரப் போறியாமே. நான் வேணாம்னுதான் சொன்னேன்." சிரித்தார். "ராசாவுக்கு எப்பப் போவலாம்?"

வீட்டுக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டு அதை என்னிடம் சொல்லாமல் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கிறார்.

"அண்ணி, நான் நக வாங்கல. எல்லாம் பேங்க்ல போட்டுட்டேன்."

"தம்பி சொன்ன அந்தக் காயிதத் தங்கமா?"

"ஆமா."

அவர் அசரவில்லை. "சரி, இருந்துட்டுப் போவட்டும். அதுலேருந்து ஒரு செயினுக்கு மட்டும் எடுத்துக் குடு."

"அப்படி எடுக்க வராது. வித்தாத்தான் காசாவும். இப்ப வித்தா நட்டம்."

"கொஞ்ச நாளைக்கு இரவலாக்கூடவா குடுக்க முடியாது?"

"முடியாது."

"போட்டுக்க முடியாது. குடுக்க முடியாது. அவசரத்துக்குப் பஜாக்லகூட வைக்க முடியாது." என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அது தங்கமே இல்ல."

"ஆமாண்ணி. அதனாலதான் வாங்குனேன்."

அவருக்குப் புரிந்தது. என் தம்பிக்கும் என் வீட்டுக்காரருக்கும் புரியாத அந்த விஷயம், அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் உடனே புரிந்தது. அவர் நகையையும் எத்தனை பேர் இரவல் கேட்டிருப்பார்கள், எதற்காக அது கம்பிக்குள் தூங்கியது என்பது எனக்கும் அப்போதுதான் தட்டியது. அவர் தேயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்காரர் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடப் போனார். திரும்பி வந்து அன்று என்னோடு பேசவில்லை. ஆடி பிறக்கும்வரை ஒழுங்காகப் பேசவில்லை. அண்ணி அந்த வருஷத் தீபாவளிக்கு வரவில்லை. புத்தகத்தில் கிராம் அப்படியே இருக்கிறது.